கம்பியில் கட்டிய கைக்குட்டை

பள்ளி சொல்லும் முன்பே பிள்ளையை அழைத்து வந்துவிட்டால் அது பொறுப்பா, பதற்றமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை என்னைக் கேட்க வைத்தவர், திருவொற்றியூர் கடற்கரையில் போன வருடம் நான் சந்தித்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி.

ஜமீன் குடும்பத்துக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டை, விரலில் மழுங்கிய முத்திரை மோதிரம். தினமும் மாலையில் ஒரு கைக்குட்டையைக் கம்பியில் கட்டி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார்.

"இன்னா ஜமீன், காத்து எப்டி கீது? என் கருவாடு காயுமா?" என்று மீன்கார அக்கா சீண்டுவார்.

"காயும் தாயி, நீ பேச்சைக் குறைத்தால்" என்பார்.

ஒருநாள் ஆலைகள் இருக்கும் வடக்கிலிருந்து காற்று வீசியது. அதில் வந்த வாயு நெடியில் தொண்டை எரிந்தது. அவர் சிரிக்கவில்லை. என்னோடு வந்திருந்த மகளையே பார்த்தார்.

"இந்த நெடி அதிகமானால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேற்கே போய்விடுங்கம்மா. ஆலையில் அபாயச் சங்கு ஊதட்டும் என்று நிற்காதீங்க."

"ஊதுவாங்கதானே சார்?"

"என் கப்பலில் வாயு கசிந்தபோது ஊத வேண்டியவன் நான்தான். மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்தேன். கீழ்த்தளத்தில் பதினோரு பேர் இருந்தார்கள்."

கைக்குட்டையை அவிழ்க்காமலே போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நேற்று மீண்டும் அதே நெடி. பள்ளிக்கு ஓடினேன். "எங்களுக்கு இன்னும் தகவல் வரலை மேடம்" என்றார்கள். மற்ற அம்மாக்களோடு நானும் வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே மகள் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

நேற்று விபரீதம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த முறை நான் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.