கண்டக்டர் காட்டிய அழுகண்ணி

திருமயம் பக்கம் காட்டுச்செடிகளைப் பதிவு செய்யும் எங்கள் தன்னார்வக் குழுவில் அவர் ஒருவர்தான் பஸ் கண்டக்டர். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பேனா. எந்தச் செடியைப் படம் எடுத்தாலும், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைப்பார்.

ஒருநாள், பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடியைக் காட்டுவதாக என்னை அழைத்துப் போனார். பஸ் நிறுத்தத்திலிருந்து பொட்டல், கண்மாய்க்கரை, மறுபடி பொட்டல் என்று ஒரு மணி நேர நடை. கடைசியில் பாறைச் சரிவின் ஈரத்தில், இலையெல்லாம் பசைத்துளி மின்ன, சிவப்பாக ஒட்டிக் கிடந்தது.

"எடத்தை எழுதிக்கவா?" என்றேன்.

"தாலுகா பேரு மட்டும் போதும் சார். போன தடவை எடத்தைச் சரியா எழுதினேன். மருந்துக்குன்னு வேரோட அள்ளிட்டுப் போயிட்டாங்க."

அடுத்த வாரம் அதே நிறுத்தத்தில் அவருடைய பஸ்ஸுக்காக நின்றேன். சற்று ஒதுங்கலாமென்று புதருக்குப் பின்னால் பத்தடி போனால், அதே பாறை, அதே அழுகண்ணி! பஸ்ஸில் ஏறியதும் அவரை முறைத்தேன்.

"இங்கிட்டு உக்காருங்க சார், நல்லா காத்து வரும்" என்றார்.

கோபம் தீர எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. போன ஞாயிறு, குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் அழுகண்ணி பார்க்க வேண்டும் என்றார். கண்மாய்க்கரை வழியாகத்தான் கூட்டிப்போனேன்.