உள்ளே இருந்து வரும் இழுப்பு

என் அண்ணன் ததேயுஸ் அழவில்லை. மதினி மதலேன் காய்ச்சலில் போய், சாமியார் ஜெபம் சொல்லி, குழியில் மண்ணும் போட்டாயிற்று, அப்போதும் அழவில்லை. வீட்டுக்கு வந்தவனிடம் கஞ்சி கொடுத்தேன். குடித்தான். அதில் உப்புப் போட நான் மறந்திருந்தேன். அதைக்கூட அவன் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளிலிருந்து வேண்டுமென்றே உப்பில்லாமல் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான், பாவி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அது. கடியப்பட்டணம் கரையில் அவனுக்கென்று இருந்தது ஒரு பழைய வள்ளம். ஆணி கிடையாது, அயினிப் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் சேர்த்தது. உப்புத் தண்ணீரில் கயிறு இற்றுப்போகும். பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும். மதினி படுக்கையில் விழுமுன் இருவருமாகப் பக்கப் பலகைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அப்படியே வெயிலில் கிடந்தால் பலகை வளையும். வளைந்த பலகை அடுப்புக்குத்தான். வள்ளமும் போனால் இவன் பாயைவிட்டு எழவே மாட்டான் என்பதுதான் எனக்குப் பயம்.

தைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே மணலில் முட்டுப்போட்டு ஒருவர் துளைக்குள் கயிற்றைக் கொடுக்க, உள்ளே குனிந்திருப்பவர் அதை இழுத்து இறுக்கி அடுத்த துளை வழியாகத் திருப்பித் தரவேண்டும். நடுவே பலகை, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. உள்ளே இருந்தது எப்போதும் மதினிதான். பெண்ணை வள்ளத்தில் ஏற்றுகிறானே என்று கரையே கேலி பேசியது. அவனும் சிரித்துக்கொண்டே தைத்தான்.

"அண்ணா, எந்திரி. உள்ள நான் இருக்கேன்."

"ம்."

அந்த ஒரு "ம்" வாங்குவதற்குள் என் தொண்டை வற்றிப்போயிற்று.

வள்ளத்துக்குள் குனிந்து, தண்ணீர் கசியாதிருக்கத் துளைக்கு மேல் தேங்காய்ச் சவுரி நாரை வைத்து முதல் தையலை இறுக்கினேன். அவன் எழுந்து, வள்ளத்தைச் சுற்றி வந்து, எட்டிப் பார்த்து, தையலைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுப் போனான். அடுத்த தையலுக்கும் வந்தான். அதற்கடுத்ததற்கும் வந்தான்.

"என்னத்த பாக்குறே? எனக்கென்ன கை சூம்பியா போச்சு?"

மத்தியானம் வரை ஒரு முழம்கூட நகரவில்லை. பலகையின் முனை அதற்குள் லேசாகத் தூக்கத் தொடங்கியிருந்தது. நான் வெளியே குதித்து அவன் முன்னால் போய் நின்றேன்.

"மைனி தைக்கும்போதும் இப்பிடித்தான் சுத்திச் சுத்தி வந்தியா?"

"இல்ல."

"பின்ன?"

"அவ ரெண்டு தரம் இழுப்பா. ஒண்ணு இறுக்கதுக்கு. மத்தது, இறுகிட்டுன்னு எனக்குச் சொல்லதுக்கு."

மீன் விலை சொல்லுவதுபோலச் சொன்னான்.

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

ஏறி உட்கார்ந்தேன். கயிறு வந்தது. இறுக்கினேன். பிறகு மெதுவாக இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

அவன் எழுந்து வரவில்லை. ஆனால் கயிறும் வரவில்லை.

"அண்ணா, கயித்தத் தா."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நெற்றியைப் பலகையில் சாய்த்திருந்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கயிறு அறுத்துக் கைதான் சிவந்திருந்தது.

"நேசம்மா."

"சொல்லு."

"நீ ஒரு தரம் இழு. போதும்."

"பின்ன இறுகிச்சா இல்லியான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ இறுக்கியிருப்பே."

உள்ளே போய்க் குனிந்துகொண்டு, இப்படி விட்டுவிட்டுப் போனாயே என்று மதினியை வாய்க்குள் திட்டித் தீர்த்தேன். ஒரு தரம் இழுத்தேன். கயிறு அடுத்த துளைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் ஒருமுறைகூடச் சுற்றி வந்து பார்க்கவில்லை.

சாளை மீன் வரும் காலத்துக்கு முன்பே முடித்து, மீனெண்ணெய் பூசி, வள்ளத்தைக் கடலில் தள்ளினோம். தண்ணீர் ஏறவில்லை. திரும்பி வந்தவன் துடுப்பைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். கஞ்சியை வைத்தேன். ஒரு வாய் குடித்தான்.

"ஏட்டி, இதுல உப்பு இல்ல."

உப்புச் சிரட்டையை அவன் முன்னால் டொக்கென்று வைத்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் நன்றாக அழுதேன்.