என் தொட்டியில் மட்டும் பாசி செழிக்கிற ரகசியம்

கடல் மீன் தொட்டி வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மீன் கழிவை உறிஞ்சட்டும் என்று அதில் போட்ட கடல்பாசி, வாரத்துக்கு ஒரு பை வளர்கிறது. பெருமை தாங்காமல் இன்று ஒரு பையை வளர்ப்பு மீன் கடைக்கே கொண்டுபோனேன்.

கடைக்காரர் தூக்கிப் பார்த்தார்.
"எல்லாரும் இது வளரலைன்னு வர்றாங்க. நீங்க என்ன தண்ணிங்க ஊத்துறீங்க?"

"ஊட்டு போர் தண்ணிலதாங்க உப்பு கலக்கறேன். பெருமாநல்லூர்ப் பக்கம். சாயப்பட்டறைச் சாயமே கலக்காத தண்ணிங்க."

என் குடிநீர் பாட்டிலில் இருந்ததும் அதுதான். வாங்கி, சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றி மருந்துச் சொட்டு விட்டார். சிவந்தது. நைட்ரேட்டாம்; பாசிக்கு அதுதான் உரமாம்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் பையரிடம் "கலர் ஷேட் கொஞ்சம் முன்னபின்னதாங்க இருக்கும்" என்று வாதாடுவதே பிழைப்பு. அவர் தந்த சோதனை நிற அட்டையைக் குழாய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாதாட இடமில்லை. மிக அதிகம் என்று காட்டும் கடைசிக் கட்டத்துச் சிவப்பேதான்.

"மீனுக்கு ஆகாதுங்க. கேன் தண்ணி ஊத்துங்க" என்றார்.

"கைக்குழந்தைக்குப் பால் பவுடர் இதுலதாங்க கலக்கறோம். காய்ச்சித்தான் குடுக்கறோம்."

"காய்ச்சினா கிருமிதானுங்க சாகும். இது போகாதுங்க. கைக்குழந்தைக்கு இன்னும் ஆகாதுங்க."

அப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாசியை மட்டும் திருப்பித் தந்தார், தண்ணீர் பாட்டிலைத் தரவில்லை.

மீனுக்கு வந்த கேடு இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது, பாசி சொன்னதால். குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. அவளுக்குக் கேடு வந்திருந்தால், அதை எந்தக் கடையில் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.