சாயா உண்டாலே?

போன சனிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு தொண்டை டாக்டர் என் மாமாவுக்குத் தண்டனை கொடுத்தார். ஒரு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. இருமுவதென்றால்கூட யோசித்துத்தான் இரும வேண்டும்.

மாமாவை நீங்கள் ரோட்டில் பார்த்திருப்பீர்கள். என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் வெள்ளை அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, பிரேக்குன்னு ஒண்ணு உண்டு, கேட்டியா?" என்று சொல்லிக்கொண்டே வருவாரே – அந்தப் பாதர் மாமா. அம்மாவின் மூத்த அண்ணன். கத்தோலிக்கச் சாமியார். அதிலும் ராணுவத்தில் சாமியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது ஒரு சின்னப் பங்குக் கோயிலில் ஒத்தாசைக்கு இருக்கிறார். கோயில் திருவிழாவில் மைக் மக்கர் செய்ய, மைக் இல்லாமலே பிரசங்கம் வைத்து, ஜெபமாலை சொல்லி, பாட்டுக் குழுவையும் தனியாளாகத் தூக்கிப் பிடித்து… தொண்டை போயே போச்சு.

பேசாத மாமாவோடு எப்படிப் பழகுவது? பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே வாட்ஸ்அப் அனுப்புகிறார். டாக்டரிடம் நான் ரொம்பப் பேசுகிறேன் என்று டாக்டருக்கு எதிரிலேயே எனக்கு ஒரு மெசேஜ்.

வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ததும் அடுத்த டிங். "தாணு வீட்டுக்கு விடு."

தாணு யார்? சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமா வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். கறுப்பு டிரங்குப் பெட்டி. ஒட்ட வெட்டிய முடி. குளிரில் தோல் உரிந்த மூக்கு. "உங்க மாமா துப்பாக்கி வச்சிருக்காரா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். "பின்னே? பெரிய துப்பாக்கி!" என்பேன்.

உண்மையில் அவரிடம் இருந்தது ஒரு தோல் பெட்டி. அதற்குள் பூசைக் கிண்ணம், தட்டு, மெழுகுவர்த்தி, சிலுவை. அதைக் கோவேறு கழுதையின் முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுவாராம். ஜீப்பின் பானட்டில் துணியை விரித்தால் அதுதான் பீடம். நாலே பேர் இருந்தாலும் பூசை உண்டு. அடிவார முகாமில் எல்லாச் சாமிக்கும் ஒரே கூடம். இந்துப் பூசாரி பண்டிட்ஜி லீவில் போனால் பிள்ளையாருக்கு விளக்கேற்றுவது மாமா. மாமா லீவில் வந்தால் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது பண்டிட்ஜி. "அவரு ஏத்துனா நின்னு எரியும் ஏட்டி. நான் ஏத்துனாத்தான் அணைஞ்சு தொலைக்கும்" என்பார்.

ஆனால் எனக்கு இன்றும் காதுக்குள் இருப்பது அவருடைய அந்தச் சத்தம்தான்.

"சாயா உண்டாலே?"

தெருமுனை திரும்பும்போதே கத்துவார். எங்கள் வீட்டு நாய் எழுந்து நிற்கும். அம்மா டீக்குப் பாலை அடுப்பில் வைப்பாள். நான் செருப்பு போடாமல் ஓடுவேன். யார் வீட்டுக்குப் போனாலும் இதே கத்தல். பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தில் மட்டும், 'டா' போடுவது மாதிரியான அந்த 'லே' கிடையாதாம்.

வேடிக்கை என்னவென்றால், சாயா வந்தால் அரை கிளாஸ்கூடக் குடிக்க மாட்டார். பிடிக்காத சாயாவுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? எனக்கு விளங்கியதே இல்லை.

விளக்கியவர்தான் தாணு அண்ணாச்சி. மாமாவின் யூனிட்டில் ஹவில்தாராக இருந்தவர். பூதப்பாண்டிக்கு இந்தப் பக்கம், வயலோரத்தில் வீடு. நெற்றி நிறையத் திருநீறு பூசும் குடும்பம். நெல்லும் தேங்காயும் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன்னால் அவர் வீட்டு முற்றத்தில் வைத்து மாமாவின் சாயாவைப் பற்றிக் கேட்டே விட்டேன்.

"பிள்ளே, மலை மேல அப்பம் போன் கெடையாது," என்றார் அண்ணாச்சி. "ஊர்ல ஒரு சாவு விழுந்தா தந்தி வரும். அதக் கையில பிடிச்சுக்கிட்டு யாரு வருவா? பாதர் சாப்தான். ஆபீசர் அவரத்தான் அனுப்புவாரு. அதனால இவரு தலை தெரிஞ்சாலே கைவேலய விட்டுட்டு எழும்பி நிப்போம். யாருக்கு அப்பன் போனான், யாருக்கு அம்மை போனான்னு…"

மாமா குறுக்கே விழுந்தார். "ஒருநாளு உப்பு கேக்கப் போனேன் ஏட்டி. என்னப் பாத்ததும் ஒரு பய ஓன்னு அழ ஆரம்பிச்சிட்டான். அவன சமாதானப்படுத்தி முடிக்கதுக்குள்ள கஞ்சி ஆறிப்போச்சு. உப்பும் கெடைக்கல."

அதன் பிறகுதான் அந்தக் கத்தல். கையில் தந்தி இல்லாத நாட்களில் தூரத்தில் வரும்போதே, "சாயா உண்டாலே?" உள்ளே இருப்பவர்கள், "உண்டு பாதர் சாப்!" என்று திருப்பிக் கத்துவார்களாம். பஞ்சாப்காரர்கள்கூட 'உண்டு' கற்றுக்கொண்டார்களாம். சத்தம் கேட்டால் ஊரில் எல்லாரும் சுகம் என்று அர்த்தம்.

சத்தம் இல்லாமல் வந்தால்?

"எங்க அப்பா போனப்ப எனக்கு ஒருக்க அப்படி வந்தாரு," என்றார் அண்ணாச்சி. "பனியில பாதை அடைச்சுக் கெடக்கு. லீவு கெடச்சாலும் எறங்க முடியாது. பண்டிட்ஜியும் இல்ல. அப்பாவுக்கு நான் ஒத்த மவன். சோத்த உருட்டி வச்சுக்கிட்டு மந்திரம் தெரியாம நிக்கேன். பாதர் சாப் தட்டப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, 'எனக்கும் தெரியாதுலே. நீ அப்பாவக் கூப்பிடு. நான் கூட நிக்கேன்.'"

மாமா அந்த நேரம் முழுக்கத் தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

அண்ணாச்சி வீட்டுக்கு முந்தின பாலத்துக்கிட்டே ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சானல் வாய்க்காலில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் நிறைந்து ஓடியது. மாமா இறங்கி முன்னால் நடந்தார். ஹெல்மெட் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நான் பின்னால்.

அண்ணாச்சி முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கியைக் கண்டதும் முகம் விரிந்தது. கையை நிறுத்திவிட்டு எதற்கோ காத்திருந்தார். எதற்கு? நான் யோசிக்கவில்லை. மாமா கேட்டைத் திறந்தார். கொண்டிதான் 'கிளிக்' என்றது.

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே அடங்கியது. தேங்காயை மெல்லக் கீழே வைத்தார். எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். விறைப்பாக நின்றார்.

"பாதர் சாப்," என்றார். "சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி பகவதி அக்கா கரண்டியும் கையுமாக வந்தார். "யாரு, பாதரா? வாங்க வாங்க, பிள்ளையும் வந்திருக்கா…" கணவரின் முகத்தைப் பார்த்தார். "என்னங்க? என்ன? முருகனுக்கா?"

முருகன் அவர்களுடைய ஒரே மகன். அவனும் ராணுவம். அப்பா நின்ற அதே மலைகளில் நிற்கிறான். அவனிடமிருந்து ஒரு வாரத்துக்கு மேலாகப் போன் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

மாமாவுக்கு நொடியில் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தலையை ஆட்டினார். கையை விரித்தார். அங்கிப் பையில் போனைத் தேடினார். அது என் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது.

நீங்களே சொல்லுங்கள் – மகனுக்கு என்ன என்று காத்து நிற்கும் ஒரு தகப்பன் முன்னால், ஒரு சாமியார் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, பேச வராமல், கையை விரித்தால் அதற்கு என்ன அர்த்தம்?

பகவதி அக்காவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

'மாமாவுக்குத் தொண்டை சரியில்லை' – இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. டிகிரி படித்தவளுக்கு இந்த மூன்று வார்த்தை வர வேண்டாமா? வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"சாயா உண்டாலே?"

வயலில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா இரண்டு கையாலும் என்னைக் காட்டி, ஆமாம் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அண்ணாச்சி மட்டைக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 

"உண்டு." புறங்கையால் முகத்தைத் துடைத்தார். "உண்டு, பாதர் சாப்."

பகவதி அக்காவுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம். "தொண்ட போச்சுன்னா ஒரு போர்டு எழுதிக் கழுத்துல மாட்டிட்டு வரணும் பாதர்! எங்க உசிரு போயிட்டு வந்திச்சு."

"ஏட்டி, சாமியாரத் திட்டாத," என்றார் அண்ணாச்சி.

"நீங்க பேசாதீங்க. வெறச்சுக்கிட்டு நின்னாரு… பரேடு!"

மாமா ராணுவ ஒழுங்கோடு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயா வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, மாமா இரண்டு கிளாஸ் குடித்தார்.

திரும்பும் வழியில் என் போன் ஓயாமல் டிங் டிங் என்றது. கல்யாணத்துக்கும் அதே டிங், கருமாதிக்கும் அதே டிங், செருப்புத் தள்ளுபடிக்கும் அதே டிங். ஏதாவது நடந்தால் நமக்குச் சொல்ல ஆயிரம் வழி வந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை, எல்லாரும் சுகம் என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வர யார் இருக்கிறார்கள்?

மாமாவும் நானும் அந்த வீட்டில் சிரித்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் முருகன் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லையே… ஞாயிறும் திங்களும் மாமா போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியிடமிருந்து மெசேஜ். "பிள்ள கூப்பிட்டான். வேற போஸ்டுக்கு மாத்தியிருக்காங்க. சிக்னல் இல்லையாம். உண்டு பாதர் சாப், உண்டு."

மாமா எழுந்து நின்று வாயைத் திறந்தார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, நான் பாய்ந்து பொத்தினேன்.

ஒன்று மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன் – ரிட்டயர் ஆன ஹவில்தார் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே 'லே' போட்டுக் கூப்பிட்டு, திட்டு வாங்காமல் சாயா வாங்கிக் குடித்த ஒரே பெண் இந்த ஜில்லாவில் நான்தான்.