பிச்சரின் முழங்கையும் என் லண்டன் பயணமும்

அந்தக் கோடை முழுவதும் நான் லண்டனில் இருந்தேன். இங்கே ரொறன்ரோவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்களைத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அக்காவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு, உதவிக்கு ஆளில்லை, ஆகவே அவசரமாகப் போய்விட்டேன் என்பது கதை. உண்மையில் எங்கள் டவுன்ஹவுஸின் மேல்மாடி அறையில், யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு, தலையில் ஒரு முடிகூட இல்லாமல் படுத்திருந்தேன்.

மார்பில் கட்டி. வெட்டி எடுத்துவிட்டு, மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘உந்த வருத்தம்’ என்போம், அதுவும் குரலைத் தணித்து.

மறைக்கச் சொன்னது நான்தான். கணவர்மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாது. மகளுக்குப் பக்கத்து ஊரான ஏஜாக்ஸில் ஒரு குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் என்று அந்த ஆட்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். “அப்பிடிப் பயப்பிடுற ஃபமிலி எனக்கு வேண்டாம் அம்மா. யு டிட் நத்திங் ரோங்,” என்று மகள் சொன்னாள். அவள் இங்கே பிறந்தவள், அவளுக்கு எல்லாம் லேசு.

சம்பந்தம் பாதிக் காரணம்தான். மீதி வெறும் வெட்கம். ஆட்கள் தோடம்பழமும் திராட்சையும் வாங்கிக்கொண்டு வரிசையாக வந்து, முகத்தைப் பார்த்துக் கதைப்பதுபோல் கதைத்து, ஒரு கண்ணால் நெஞ்சைப் பார்ப்பார்கள். நானும் மற்றவர்களை அப்படிப் பார்த்தவள்தான். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

பொய் சொல்வது சுலபம், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். காரைக் கராஜுக்குள் விட்டு, கதவு மூடிய பிறகுதான் இறங்குவேன். மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒருவருடைய வாட்ஸ்அப்புக்கும் பதில் எழுதுவதில்லை, லண்டனில் அப்போது நடுச்சாமம். யாராவது கேட்டால் சொல்வதற்காக அந்த ஊரின் வெப்பநிலையைக் காலையில் பார்த்து வைத்துக்கொள்வேன். வேலையிடத்துக்கு மட்டும் உண்மை தெரியும். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன், அங்கே வேறு தமிழர் இல்லை.

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கப் போகிறவர், “மனிசி எப்ப வாறா?” என்று யாராவது கேட்டால், “வருவா, வருவா” என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாமானை மறந்துபோட்டு வந்துவிடுவார். வெங்காயம் எங்கே என்று நான் கேட்டால் பதில் சொல்லாமல் பேஸ்போல் பார்க்கப் போய்விடுவார்.

பேஸ்போல் அவருக்கு வேலையிடத்தில் தொற்றியது. கார்ச் சாமான் களஞ்சியத்தில் கூட வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் கதைப்பார்களாம். கதை விளங்காமல் எத்தனை நாளுக்குச் சிரித்துக்கொண்டிருப்பது என்று பார்க்கத் தொடங்கியவர், இப்போது ரொறன்ரோ அணியின் ஆட்டக்காரர் பட்டியலான ரோஸ்டரில் யார் இருக்கிறார், யாரைக் கீழே அனுப்பினார்கள், யாருக்கு எந்த எலும்பு நோகிறது என்பதெல்லாம் எங்கள் சொந்தக்காரரின் பெயர்களைவிட நன்றாகத் தெரிந்தவர். அந்தக் கோடையில் நானும் கட்டிலில் கிடந்தபடி அவரோடு சேர்ந்து பார்க்கப் பழகிவிட்டேன். மருந்து ஏற்றிய மறுநாட்களில் புத்தகம் வாசிக்க முடியாது, நாடகம் பார்த்தால் தலை சுற்றும். பேஸ்போல் ஆறுதலாக நகரும் விளையாட்டு, இடையில் கண்ணயர்ந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அந்த ஆண்டு அணியின் முதல் பிச்சர், அதாவது முக்கியமாகப் பந்து எறிகிறவர், திடீரென்று எறியாமல் விட்டார். முன்கையில் சிறு இறுக்கம் என்றார்கள். ‘டே டு டே’ என்றார் மனேஜர். அதாவது இன்றைக்கில்லை, நாளைக்குப் பார்ப்போம். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். பிச்சருக்குப் பதிலாகச் சின்ன அணியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து எறியவிட்டார்கள், எல்லாரும் அவருடைய பந்தை வெளுத்து வாங்கினார்கள். என் கணவர் தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். “உவங்கள் பொய் சொல்லுறாங்கள். அவருக்குப் பெரிசா ஏதோ இருக்கு. முகத்தைப் பாத்தாலே தெரியுது.”

அவர் என்னோடு ஒருநாளும் அப்படிக் குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. நான் அதை அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் வரிசையில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது கதவு என் சிநேகிதியுடையது. மட்டக்களப்புப் பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவள். கணவர் இல்லை, ஒரே மகன் அல்பேர்ட்டாவில். மரக்கறி வெட்டிப் பொதிசெய்யும் ஃபக்டரியில் வேலை. சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் மோலுக்குள் சுற்றிச்சுற்றி நடப்போம். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். வைத்தியரிடம் போவதென்றால் நான் பக்கத்தில் இருக்கவேண்டும். தமிழ் வைத்தியரிடம் போனால் காத்திருக்கும் அறையில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கும் என்று சொல்லி, என்னுடைய வைத்தியரான சீனப் பெண்மணியிடமே அவளையும் பதிந்துவிட்டது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவளுக்கும் லண்டன் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அவள் வாட்ஸ்அப்பில் போன் எடுத்தால், கனடாவில் இல்லாத ஒருத்தியின் குரலில் கதைப்பேன். “இஞ்ச ஒரே மழை. பிள்ளை இரவெல்லாம் அழுகுது,” என்பேன். அவளும் நம்பி, பிள்ளைக்கு வயிற்றுக்குத்து என்றால் ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொல்வாள். இல்லாத பிள்ளைக்கு அவள் சொன்ன வைத்தியத்தை எல்லாம் கேட்டு நான் “ஓம், ஓம்” என்றேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் போன் எடுத்தாள். குரல் வழக்கம்போல் இல்லை.

“அக்கா, உங்களோட ஒரு விசயம் கதைக்கணும்.”

“என்ன, சொல்லுமன்.”

“போன்ல வேணாம். நீங்க வந்தாப் பிறகு கதைப்பம். எப்ப வாறீங்க?”

மகன் யாரையோ விரும்பிவிட்டானாக்கும் என்று நினைத்தேன். துருவிக் கேட்டால் கதை நீளும், நீண்டால் நான் பிடிபட்டுவிடுவேன். “இன்னும் கொஞ்ச நாளில வந்திடுவன்,” என்று சொல்லி வைத்தேன். போனை வைத்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்கத்தான் இப்போது கூசுகிறது.

ஆவணி மாதக் கடைசியில் அணிக்காரர் உண்மையைச் சொன்னார்கள். பிச்சரின் முழங்கைக்குச் சத்திரசிகிச்சை, இந்த ஆண்டு இனி எறியமாட்டார், அடுத்த ஆண்டும் சந்தேகம். மறுநாள் சனிக்கிழமை. எங்கள் குசினியில் காலையிலிருந்து தமிழ் வானொலி பாடிக்கொண்டிருக்கும். இங்கே எல்லார் வீட்டுக் குசினியிலும் அப்படித்தான். அன்றைக்கு அறிவிப்பாளர் பாட்டை நிறுத்திவிட்டு, அணி ரசிகர்களை ஏமாற்றிவிட்டதா, அழைத்துச் சொல்லுங்கள் என்றார். கடைசித் தடவை மருந்தேற்றி முடித்திருந்தேன், கீழே இறங்கி வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது, சற்றுப் பிந்தி அதே குரல் வானொலியிலும் கேட்டது.

“வணக்கம் தம்பி. மல்வேர்னிலை இருந்து கதைக்கிறன்.”

“வணக்கம் அண்ணை. உங்கடை றேடியோவைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ.”

இவர் எங்கே குறைத்தார். “ரெண்டு மாசமா அவருக்கு ஒண்டுமில்லை எண்டினம். நாளைக்குப் பாப்பமாம், நாளையிண்டைக்குப் பாப்பமாம். இப்ப என்னண்டால் கையை வெட்டவேணுமாம்.”

“எதிரணிக்குத் தெரியக்கூடாது எண்டு மறைச்சிருப்பினம் அண்ணை. அது அவையின்ரை தந்திரம்தானே.”

“எதிரணிக்கு மறைக்கட்டும். நாங்கள் எதிரணியே?” இவருடைய குரல் தடித்தது. “எங்களுக்குச் சொன்னால் நாங்கள் என்ன, சிரிக்கப்போறமே? சொன்னால்தானே நாங்களும் அதுக்கேத்த மாதிரி இருப்பம். ஒருத்தருக்கும் சொல்லாமல், கேக்கிற சனத்துக்கெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு, கடையிலை நிண்டு முழிச்சுக்கொண்டு… என்னாலை ஏலாது தம்பி.”

பிச்சருக்கும் கடைக்கும் என்ன தொடர்பு என்று அறிவிப்பாளர் யோசித்திருக்கவேண்டும். எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு மாதமாக அந்த மனிதர் தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டியதெல்லாம் எனக்குச் சொன்னது. உடனே அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு வந்தது கோபம். இன்னும் இரண்டு வசனம் விட்டால் ஊருக்கே சொல்லிவிடுவார் என்ற பயம். குசினிக் கதவில் நின்று கத்தினேன்.

“இஞ்சாருங்கோ, போதும். போனை வையுங்கோ.”

அவர் திரும்பிப் பார்த்தார். சில கணங்கள் கழித்து, என் பின்னால், அடுப்புக்கு மேலிருந்த வானொலியில் என் குரல் கேட்டது. இஞ்சாருங்கோ, போதும், போனை வையுங்கோ. சட்டி தேய்த்த மாதிரி ஒரு குரல், ஸ்காபரோ முழுவதற்கும். அறிவிப்பாளர் சிரித்துவிட்டு, “அக்கா கோவிக்கிறா போல,” என்று பாட்டைப் போட்டார்.

என் குரல்தான் என்று யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவுமணி அடித்தது.

இவர் என்னைக் கேட்காமலே போய்த் திறந்தார். சிநேகிதி வீட்டுச் செருப்போடு நின்றாள். கையில் வெங்காய மணம், சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தலையை மூடவும் நேரமில்லை. ஒரு துவாயை எடுத்துப் போடப் பார்த்து, அது தோளில் விழுந்தது. அவள் என் தலையைப் பார்த்தாள். நெஞ்சைப் பார்க்கவில்லை.

“லண்டன்லருந்து எப்ப வந்த நீங்க?” என்று கேட்டாள்.

நான் எங்கும் போகவில்லை என்றேன். மகளின் சம்பந்தம் என்றேன், சனத்தின் வாய் என்றேன், உமக்குச் சொல்லத்தான் இருந்தேன் என்றேன். கடைசியாகச் சொன்னது பொய் என்று அவளுக்கும் தெரியும். அந்த அறைக்குள்ளேயே மண் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவள் என் கணவரைப் பார்த்தாள், அவர் வெளியே போய்விட்டார். பிறகு என் கையைப் பிடித்து, தன் சட்டைக்கு மேலால், இடது அக்குளுக்குச் சற்றுக் கீழே வைத்து அழுத்தினாள்.

“இதா அக்கா, இத பாருங்க.”

புளியங்கொட்டையைவிடப் பெரிதாக இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

“எப்ப இருந்து?”

“நான் போன் எடுத்த நேரம் கண்டது.”

“ஆடியிலையோ? ஏன் நீர் டொக்டரிட்டைப் போகேல்லை?”

“தனிய எப்பிடிப் போற? எனக்கு என்ன சொல்லத் தெரியும்? நீங்க வந்தாப் பிறகு போவம் எண்டு இருந்த நான்,” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் போனோம். நான் தலையில் ஒன்றும் கட்டவில்லை. அது பெரிய வீரமும் இல்லை, அவளுக்கு முன்னால் இனி எதை மூடுவது என்று விட்டுவிட்டேன். முன்வாசலால் நடந்து காருக்குப் போனபோது எதிர்வீட்டு அன்ரி கையில் குப்பைப் பையோடு அப்படியே நின்றுவிட்டார். நான் வணக்கம் சொன்னேன். என் முகம் எரிந்தது.

வைத்தியர் அவளைச் சோதித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அந்த ஒன்றும் தெரியாத முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உடனே படம் எடுக்கவேண்டும் என்று எழுதினார். எழுதிக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், எவ்வளவு காலமாக இருக்கிறதாம், ஏன் உடனே வரவில்லையாம் என்று.

நான் தமிழில் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வேல கூட, லீவு கிடைக்கல்ல எண்டு சொல்லுங்க அக்கா.”

நான் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர். சொன்னதைச் சொன்னபடி சொல்வேன். அன்றைக்கு ஒருதரம்தான் பிசகினேன்.

“இவள் எனக்காகக் காத்திருந்தாள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். என்னுடைய வருத்தத்தை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஏன், நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்.

“வீட்டில்தான் இருந்தேன்,” என்றேன். “இவளுடைய வீட்டிலிருந்து ஐந்தாவது கதவு.”