சாக்கின் மேல் மண்டியிட்ட அக்கா

மளிகைக் கடையில் தேயிலைத்தூள் சாக்கை டப்பாவில் கவிழ்த்தார்கள். அந்த வாசம் வந்ததும் எனக்கு முழங்கால் சில்லிட்டது.

சின்ன வயதில், குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் கராத்தே கிளாஸ் நடந்த கொட்டகையில் வெறும் சிமெண்டுத் தரைதான். ஃபேக்டரியின் காலிச் சாக்குகளை விரித்து, அவற்றின்மேல் மண்டியிட்டபடியே நகரவும் எதிராளியை மடக்கவும் பழகுவோம். வீடு திரும்பினால் முழங்காலெல்லாம் தேயிலைத்தூள்.

ஒருநாள் அப்பா கொட்டகைக்கே வந்துவிட்டார். "பொட்டப்புள்ள எதுக்குங்க மண்டி போடோணும்? எம்புள்ளைய அனுப்பிருங்க மாஸ்டர்" என்று என் கையைப் பிடித்தார்.

"இதை மட்டும் பாத்துட்டுக் கூட்டிப் போங்க" என்றார் மாஸ்டர்.

சாக்கில் மண்டியிட்டிருந்த, கிளாஸில் எனக்கு மூத்த அக்கா ஒருத்தியின் தோளை, கிளாஸிலேயே நெட்டையான அண்ணன் பாய்ந்து பிடித்தார். அவள் எழவே இல்லை. அவர் மணிக்கட்டைப் பற்றி, ஒரு முழங்காலில் சுழன்றாள். அவ்வளவுதான், அவர் மல்லாந்து கிடந்தார். ஜன்னல் வெயிலில் தேயிலைத்தூள் புகையாய் எழுந்தது. நடுவில் அக்கா, மண்டியிட்டபடி, சாமி சிலை போல.

அப்பா குனிந்து தரையில் கிடந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், சாக்கு பத்துமுங்களா? இன்னும் கொஞ்சம் கொண்டாரட்டுங்களா?"

"உங்களுக்கு என்னங்க வேணும்?" என்றார் கடைக்காரர்.

தேயிலைத்தூள் கொட்டி முடித்த காலிச் சாக்கைக் காட்டினேன்.