பதினான்கு எழுத்து

மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. பதினேழு வயதில் கனடாவின் விட்பி நகரில் ஒரு மனிதர் எனக்குச் செய்ததை இருபத்தைந்து வயதிலும் சூடு ஆறாமல் வைத்திருக்கிறேன்.

அவர் எங்கள் உதைபந்தாட்டப் பயிற்சியாளர். அவருடைய பெண்கள் அணியில் நன்றாக விளையாடினால் கனடாவின் இளையோர் அணிக்குப் போக வழி இருந்தது. பதினாலு வயதில் நான் சேர்ந்த முதல் நாள், பெயர்ப்பட்டியலில் என் கடைசிப் பெயரில் தடக்கி நின்றார். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. இந்த நாட்டுப் படிவங்கள் கேட்பதால் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுவோம். என் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து. அவர் சிரித்துவிட்டு முதல் மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டார். மூன்று வருடம் எல்லோரும் என்னை அந்த மூன்று எழுத்தால்தான் கூப்பிட்டார்கள். நானும் ஓடி ஓடிப் போய் நின்றேன்.

கடைசித் தெரிவில் என்னைக் கழித்தபோது, உன் அப்பா அம்மாவின் நாட்டுக்கு விளையாடிப் பாரேன், அங்கே இடம் கிடைக்கும் என்றார். நான் பிறந்ததே கனடாவில், ஸ்காபரோவில். "தாங்க் யூ" என்றேன். அவர் சொன்னதைவிட, நான் சொன்ன அந்தத் தாங்க் யூதான் இன்றைக்கும் என்னை எரிக்கிறது.

பிறகு பல வருடம் வார இறுதி லீக்கில் பின்வரிசையில் நின்றேன். வேலை, வெக்ஸ்போர்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில். போன வருடம் இலங்கைப் பெண்கள் அணியின் முகாமையாளர் அழைத்தார். வெளிநாட்டில் வளர்ந்தவர்களைத் தேடுகிறார்களாம். ஒருமுறை அவர்களுக்காக முறையான போட்டியில் இறங்கினால் பிறகு கனடாவுக்கு விளையாடுவது அநேகமாக முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

எனக்கு நாட்டுப்பற்று ஒன்றும் பொங்கவில்லை. ஒரு தேசிய அணியின் சட்டையில், முதுகில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்க, ஒரு படம் எடுத்து அந்த மனிதருக்கு அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் சம்மதித்தேன்.

ஆனால் எனக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்க, அப்பா இங்குள்ள அவர்களுடைய கொன்சுலேட்டுக்கு, அந்தத் துணைத் தூதரகத்துக்குப் போய் என் பிறப்பைப் பதிந்து கையெழுத்து வைக்க வேண்டும். அப்பா அந்தக் கட்டடத்துக்கு வெளியே குளிரில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்தவர். உள்ளே கால் வைத்ததில்லை. இளம் வயதில் அங்கே ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் அவருடைய பெயரைப் பட்டியலில் இருந்து வாசித்து இரண்டு நாள் இருத்தி வைத்தார்கள். அதற்குமேல் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. இலங்கை கிரிக்கெட் விளையாடினால், எதிரே யார் என்று பார்க்காமலே அப்பா எதிரணியின் பக்கம். எனக்கு இந்த வஞ்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடத் தேவையில்லை.

நான் விஷயத்தைச் சொன்னவுடன் அப்பா டிவியை நிற்பாட்டினார்.

"உந்தச் சட்டையோட என்ர வீட்டுக்குள்ள வராதை."

"அப்பா, இது உங்களுக்கு எதிராச் செய்யிறதில்லை. அந்தக் கோச்சுக்கு."

"எந்தக் கோச்?"

ஏழு வருடமாக வீட்டில் சொல்லாமல் விழுங்கியதை அன்றைக்குத்தான் சொன்னேன். அம்மா நடுவில் ஏதோ கேட்க வந்தார். அப்பா கையைக் காட்டி மறித்தார்.

"எந்த மூண்டு எழுத்து?"

சொன்னேன். அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார். இரண்டு கிழமை என்னோடு பேச்சே இல்லை.

அதற்குள் முகாமையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சட்டையில் பத்து எழுத்துக்குத்தான் இடம், பெயரைச் சுருக்கித் தரவும் என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"முழுசா அடிக்கச் சொல்லு," என்றார். "இடம் காணாட்டி நம்பரைச் சின்னனாக்கட்டும். ஒரு எழுத்துக் குறைஞ்சாலும் நான் சைன் வைக்கமாட்டன்."

அப்படியே எழுதினேன். நான்கு நாள் கழித்துச் சரி என்று பதில் வந்தது.

அப்பா கலியாண வீட்டுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். காருக்குள் பத்து நிமிடம் பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தார். உள்ளே ஒரு இளம் பெண் அவருடைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, பதினான்கு எழுத்தையும் தடக்காமல் வாசித்து அவரைக் கூப்பிட்டாள். அப்பா கையெழுத்து வைத்தார். திரும்பி வரும்போது, "ஒழுங்காத்தான் வாசிச்சாள்," என்றார். அதுவும் அவருக்குக் கோபமாகத்தான் இருந்தது.

என் முதல் போட்டியில் நான்கு கோலால் தோற்றோம். தொடக்கத்தில் தேசிய கீதம் பாடியபோது நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் பாடிய கனடாவின் கீதம்தான் மனதுக்குள் ஓடியது. இனி எந்த மைதானத்திலும் அதற்காக நிற்கப்போவதில்லை என்று நினைக்க அழுகை வந்தது. அதையும் அந்தப் பயிற்சியாளரின் தலையிலேயே போட்டேன். அப்பா போனில் முழுப் போட்டியும் பார்த்திருக்கிறார்.

"அவை தோத்தது நல்லது," என்றார். "நீ விளையாடினதும் நல்லது."

அடுத்த நாள் அந்தப் பயிற்சியாளருக்குப் படத்தை அனுப்பினேன். முதுகுதான் தெரியும். ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோள்வரை அப்பாவின் பெயர், கீழே சின்னதாக நம்பர். ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மிகவும் சந்தோஷம், வாழ்த்துகள் என்று அன்பாகவே எழுதியிருந்தார். வாழ்த்துக்குப் பக்கத்தில் என்னை அழைத்திருந்தது அதே மூன்று எழுத்தால்.

சட்டை வீட்டுக்குள் வரவில்லை. அப்பா அதைக் கராஜில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். இலங்கைக் கொடியின் சிங்கம் உள்ள முன்பக்கம் சுவரைப் பார்க்க, பெயர் உள்ள முதுகு வெளியே. காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை ஒருதரம் வாசிக்கிறார்.

அந்தப் பதிலை அவருக்கு நான் இன்னும் காட்டவில்லை. காட்டினால் அந்த மனிதரைத் தேடி விட்பிக்குப் போகும் வழியைக் கேட்பார். நானும் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.